புகார்க் கச்சேரி

அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவ்வப்போது அதைத் திறந்து பார்ப்பார். உள்ளே பஸ் டிக்கெட் இருக்கும், மென்று துப்பிய சூயிங்கம் இருக்கும். ஒரு தடவை ஒரு கடைவாய்ப் பல் இருந்தது. செயலாளர் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிப் பல் டாக்டரிடம் விசாரணைக்குப் போனார். டாக்டர் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது நான் புடுங்கினது இல்ல. நான் புடுங்கினா வேரோட வரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனிமேல் புகார் எல்லாம் இணையத்தில்தான் என்று செயலாளர் அன்றைக்கு முடிவு செய்தார்.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் ஃபைல்களை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு நகர்த்த ஒன்றும் இல்லாமல் வாடிப்போயிருந்த நேரத்தில் சங்கம் கிடைத்தது. தரைத்தளத்தில் மனைவியோடு குடியிருந்தார் என்று சொல்வது வழக்கம்தான். உண்மையில் அவர் குடியிருந்தது லிஃப்டில்.

அந்த லிஃப்ட் முனகிக்கொண்டே அவரை ஐந்தாம் மாடியில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா வெப்சைட் செய்து கொடுப்பவள். குளியலறை டைல்ஸை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழற்றிப் பார்க்கும்படி ஒரு பக்கம் வேண்டுமென்றால் கடைக்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். அதைப் பாராட்டிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். படித்தது டிஜிட்டல் கலை. கல்லூரிக் கடைசி வருஷத்தில், மவுஸை வேகமாக அசைத்தால் தேம்பி அழும் ஒரு திரையைச் செய்து முதல் மதிப்பெண் வாங்கினாள். அதற்கப்புறம் அழும் திரை வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை.

தம்பி இசையமைப்பாளன். வங்கிக்குப் போன் செய்தால், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று சொல்லிவிட்டு ஒரு மெட்டைப் போட்டு நம்மை ஊறப்போடுவார்களே, அந்த மெட்டைப் போடுகிறவன் அவன்தான். அவன் இசையை லட்சக்கணக்கானவர்கள் கேட்டிருக்கிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தவன், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களை இறக்கினான். ஒரு வாரத்துக்கு யாரும் அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் கொண்டுவருவதில்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

"ஏம்மா, நீங்க எந்நேரமும் கம்ப்யூட்டர்லதான இருக்கீங்க" என்றார் செயலாளர். "சங்கத்துக்கு ஒரு சின்ன வெப்சைட். அரை நாள் வேலை."

"அரை நாள்ல ஆகாது சார்."

"அப்ப முழு நாளா எடுத்துக்கங்க. அவசரம் இல்ல."

முடியாது என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது உள்ளே ஸ்பீக்கர் ஒரு தரம் உறுமியது. செயலாளர் அந்தத் திசையில் கனிவாகப் பார்த்தார்.

"அதைப் பத்தியும் ஒரு புகார் வந்துச்சு. நான்தான் மேல கொண்டுபோகல."

அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

வெறுப்போடு செய்த வேலையாக இருந்தாலும் தளம் சுத்தமாக வந்தது. மாடியையும் வீட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும், தண்ணீரா லிஃப்டா பார்க்கிங்கா சத்தமா என்று சொல்ல வேண்டும், விஷயத்தை எழுதி ஒரு பட்டனை அழுத்த வேண்டும். சோதித்துப் பார்க்கச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தாள். 'லிஃப்ட் முனகுகிறது' என்று எழுதி அழுத்தினான். திரையில் 'நன்றி' என்று வந்தது.

"சப்புன்னு இருக்குக்கா."

"புகார்ப் பெட்டிடா இது. இதுல என்ன உப்பு உறைப்பு எதிர்பார்க்கற?"

"ஒருத்தன் வயிறெரிஞ்சு எழுதறான். ஒரு சத்தமாவது வர வேண்டாமா? லிஃப்டைப் பத்தி எழுதினா அந்த லிஃப்டே முனகணும்."

டைல்ஸ் சுழற்றிச் சுழற்றி அக்காவுக்கு மரத்துப்போயிருந்த ஏதோ ஒரு இடத்தில் அது போய்க் குத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒலிப்பதிவுக் கருவியோடு கட்டடம் முழுக்க அலைந்தார்கள். லிஃப்டின் முனகல், தண்ணீர் பம்பின் இழுவை, கேட்டின் கிறீச், குப்புறக் கவிழ்த்த பிளாஸ்டிக் பக்கெட்டில் நான்கு தட்டு என்று எல்லாம் கிடைத்தன. பல் டாக்டரின் நாய் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பகல் பூராவும் ஊரைக் கூட்டுகிற நாய், மைக்கைக் கண்டதும் அதை நக்கத் தொடங்கியது. பிஸ்கட் கொடுத்தார்கள், தின்றது. கெஞ்சினார்கள், படுத்துக்கொண்டது. கடைசியில் தம்பி மாடிப்படியில் நான்கு காலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக் குரைத்தான். அப்புறம்தான் அதற்கு ரோஷம் வந்தது.

அன்று சாயங்காலம் தளத்துக்கு உண்மையான முதல் புகார் வந்தது: 'ஐந்தாம் மாடிக்காரர் நாயைப் பார்த்துக் குரைக்கிறார்.'

குடியிருப்பவர்களுக்கு அந்தச் சாதாரணத் தளம்தான். அக்கா அதன் பின்னால் வேறொரு முகவரியில் இன்னொரு பக்கம் செய்தாள். அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இருட்டில் கட்டடத்தின் முகப்பு மட்டும் நிற்கும். எந்த வீட்டிலிருந்து புகார் வருகிறதோ அந்த ஜன்னலில் விளக்கு எரியும். அதன் நிறம் சுவரில் ஈரம் இறங்குவது போல மெல்ல வழியும். கூடவே சத்தம் வரும். கீழ் மாடி என்றால் கனத்த சுரம், மேல் மாடி என்றால் மெல்லிய சுரம். நீளமான புகாருக்கு நீளமான இழுப்பு. தண்ணீர்ப் புகார் என்றால் பம்பின் இழுவையை வடிகட்டி வயலின் மாதிரி ஆக்கிய நாதம். ஆச்சரியக்குறியை அள்ளி வீசுகிறவர்களுக்கு பக்கெட். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் எழுதினால் இரண்டு சுரமும் பின்னிக்கொண்டு சுற்றும். எழுதியவர் யார், என்ன எழுதினார் என்பது வெளியே போகக்கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள்.

வேலை செய்யும்போது அந்தப் பக்கத்தை ஓரமாகத் திறந்துவைத்துக்கொள்வாள். காலையில் தண்ணீர் வராத நேரத்தில் வயலின்கள் எழும். அலுவலகம் விட்டு கார்கள் திரும்பும் நேரத்தில் கேட்டுகள் கிறீச்சிடும். பல வருஷத்துக்குப் பிறகு அவள் தன் வேலையைப் பார்த்துத் தானே சிரித்தாள்.

தம்பி அந்த லிங்க்கை ஒரே ஒரு நண்பனுக்கு அனுப்பினான். அவன் தன் அலுவலகத்துக்கு அனுப்பினான். அப்புறம் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். முகம் தெரியாத ஆட்கள் வேலை நேரத்தில் இந்தக் கட்டடத்தை ஓடவிட்டு உட்கார ஆரம்பித்தார்கள். ஒருவர் இதைப் போட்டால்தான் குழந்தை தூங்குகிறது என்று எழுதினார். கடல் தாண்டி எங்கிருந்தோ ஒரு பெண், 'மூன்றாம் மாடி காலையிலிருந்து மௌனமாக இருக்கிறதே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?' என்று கேட்டாள்.

பிறகு டிஜிட்டல் கலைக் கண்காட்சி ஒன்றின் பொறுப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் 'நகர்ப்புற முரண்களின் கூட்டு அதிர்வு' என்று இருந்தது. 'சுவர்களின் அடிமனம்' என்றும் இருந்தது.

தம்பி இரண்டு தரம் படித்தான். "என்ன சொல்ல வராங்க?"

"புடிச்சிருக்காம்."

"அதை நாலு பாராவுலயா சொல்லணும்?"

"கலைடா. அப்படித்தான் சொல்லணும்."

கண்காட்சி என்றால் கட்டடத்துக்காரர்களின் அனுமதி வேண்டும். அக்கா தரைத்தளத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். செயலாளர் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் காது சிவந்தது, அப்புறம் கழுத்து.

"நம்ம வீட்டுச் சண்டையை ஊர் பூரா போட்டுக் காட்டிட்டு இருக்கீங்க. அப்படித்தானே?"

"வார்த்தை ஒண்ணும் வெளிய போகல சார். வெறும் சத்தம்தான்."

"சண்டையில சத்தம்தானம்மா முக்கியம்."

மறுநாளே அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினார். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்கள். தம்பி தன் ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கினான். அந்தச் செய்கையே பாதிப் பேருக்கு எரிச்சலைக் கிளப்பியது. அக்கா போன மாதத்துப் புகார்களை ஓடவிட்டாள். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, கோபப்படுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. வயலின் எழுந்தது, கேட் கிறீச்சிட்டது, லிஃப்ட் அடிவயிற்றிலிருந்து முனகியது.

முதலில் வாயைத் திறந்தவர் நான்காம் மாடி டீச்சர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை.

"இதுல என் வீடு எது?"

"அந்த பக்கெட், டீச்சர்" என்றான் தம்பி.

"பக்கெட்டா?"

"நீங்க ஆச்சரியக்குறி நிறையப் போடறீங்க."

டீச்சர் அதை யோசித்தார். "டாக்டர் வீட்டுக்கு மட்டும் வயலின் வருது."

"அவர் தண்ணிக் கசிவு பத்தி எழுதறாரு. தண்ணிக்கு வயலின்."

"அப்ப என் வீட்லயும் தண்ணி கசியுதுன்னு வச்சுக்கங்க."

அவ்வளவுதான். கூட்டம் தடம் மாறியது. மூன்றாம் மாடிக்காரர் தன் சுரம் ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்றார். நீளமாக எழுதினால் நீளும் என்றாள் அக்கா. டாக்டர், நாயின் குரைப்பில் பாதி தம்பியுடையது என்றும், நாய்க்கு உரிய இடம் தரப்படவில்லை என்றும் ஆட்சேபித்தார். கண்காட்சி வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. செயலாளர் கூட்டத்தின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதில் கெட்டிக்காரர்.

"உங்க பேருக்குக் கீழ சங்கத்தோட பேரும் வரணும். கொட்டை எழுத்துல" என்று முடித்துவைத்தார்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் கட்டடத்தையும் பார்க்க வருவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவரே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அக்காவும் தம்பியும் திரை, கேபிள், ஸ்பீக்கர் என்று கண்காட்சி அரங்கில் கிடந்த நாட்களில் அவர் கட்டடத்தில் விஸ்வரூபம் எடுத்தார். லிஃப்டுக்கு எண்ணெய் போட்டார்கள். குழாய் ரிப்பேர்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். எத்தனையோ வருஷத்துக் கசிவெல்லாம் நின்றது. கார்களுக்குப் புதுசாகக் கோடு அடித்தார்கள். கேட் கிறீச்சிடுவதை நிறுத்தியது. டாக்டர் தன் பங்குக்கு நாய்க்கு ஒரு பயிற்சியாளரை வைத்தார். அது இப்போது யாரைக் கண்டாலும் மரியாதையாக உட்கார்ந்தது.

திறப்பு நாள் அன்று மத்தியானம் தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, காலைலேருந்து ஒண்ணுமே வரலியே."

"நெட் போயிருக்கும், பாரு."

"நெட் நல்லா இருக்கு. கட்டடம்தான் நல்லா ஆயிடுச்சு."

படைப்பு நேரலை என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. பழைய புகார்களை ஓட்டிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றான் தம்பி. "எனக்குத் தெரியும்டா" என்றாள்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. பழைய குடோனைத்தான் அரங்கமாக மாற்றியிருந்தார்கள். சுவர் அளவு திரையில் கட்டடம் இருட்டாக நின்றது. எட்டு ஸ்பீக்கர்களில் இருந்தும் மிகத் துல்லியமாக ஒன்றும் வரவில்லை. ஜனங்கள் அதன் முன்னால் கையில் கோப்பையோடு பயபக்தியாக நின்றார்கள். தொப்பி போட்ட ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். கறுப்பு உடையில் இருந்த பொறுப்பாளர் அக்காவின் தோளைத் தொட்டு, "இந்த மௌனத்துக்கு ரொம்பத் துணிச்சல் வேணும்" என்று கிசுகிசுத்தார். அக்கா சிரிக்க முயன்றாள்.

கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்த செயலாளருக்கு மௌனம் பிடிபடவில்லை.

"ஏம்மா, எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு அரை மணி ஆச்சு சார். யாரும் புகார் போடல. நீங்க எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்க."

அவர் திரையைப் பார்த்தார். தன் கட்டடம் இத்தனை பேர் முன்னால் பேச்சு வராத பிள்ளை போல நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஒரு தூண் மறைவுக்குப் போனார். அக்காவும் கூடவே போனாள்.

"டாக்டர், ஒரு புகார் போடுங்க. எதையாவது போடுங்க."

மறுமுனையில் டாக்டர் யோசிப்பது கேட்டது. "எல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு. நாய் கூட திருந்திடுச்சு."

டீச்சரிடம் பேசினார். பொய்ப் புகார் எழுதித் தனக்குப் பழக்கமில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். மூன்றாம் மாடிக்காரர் மட்டும் மரியாதைக்காக 'காற்று சற்று அதிகமாக வீசுகிறது' என்று எழுதி அனுப்பினார். திரையில் ஒரு ஜன்னல் மினுக்கென்று எரிந்து, கொசு தும்மியது போல ஒரு சத்தம் வந்து அணைந்தது. தொப்பிக்காரர் கண்ணைத் திறந்து தலையாட்டினார்.

செயலாளர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ தட்டினார். ஒரு விரலால்தான் தட்டுவார் என்பதால் நேரம் எடுத்தது. அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் நீட்டினார். 'வரும் மாதம் முதல் கார் நிறுத்தும் இடங்கள் குலுக்கல் முறையில் மாற்றி ஒதுக்கப்படும். மொட்டை மாடி பூட்டப்படும். இது செயலாளரின் தனிப்பட்ட முடிவு. விவாதத்துக்கு இடமில்லை.'

"சார், வேண்டாம். கிழிச்சிடுவாங்க."

"கிழிக்கட்டும்னுதான" என்று அனுப்பிவிட்டார்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நான்காம் மாடி ஜன்னல் பளிச்சென்று எரிந்து பக்கெட் ஒலித்தது. தட்டுவது போல இல்லை, பக்கெட்டை மாடியிலிருந்து உருட்டிவிட்டது போல இருந்தது. அது ஓய்வதற்குள் இரண்டாம் மாடி எரிந்தது. அடுத்து மூன்று ஜன்னல்கள் ஒரே நேரத்தில். லிஃப்ட் முனகியது, கேட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிறீச்சிட்டன, மொட்டை மாடியைப் பற்றி எழுதியவர்கள் வீட்டு வயலின்கள் காரணமே இல்லாமல் சேர்ந்துகொண்டன. கோபத்தில் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று யார் பார்த்தார்கள்? நிறங்கள் சுவரில் வழிந்து ஒன்றோடொன்று கலந்து தரைவரை இறங்கின. நாய் குரைத்தது, தம்பியின் பங்கும் அதில் இருந்தது. அரங்கில் இருந்தவர்கள் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். தம்பி மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஒலியை வாரி வாரிச் சரிசெய்துகொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது அவனுக்கே தெரியாது.

செயலாளர் அக்காவின் பக்கம் குனிந்தார்.

"இதெல்லாம் என்னைத் திட்டறதா?"

"ஆமா சார்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

ஒவ்வொரு ஜன்னலாக எரிந்து முடித்து, சத்தம் கொஞ்சம் தணிந்தபோது தரைத்தளத்தில் ஒரு ஜன்னல் எரிந்தது. கனமான ஒரு கீழ்ச்சுரம் தொடங்கி, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அரங்கின் தரை அதிர்ந்தது. அவ்வளவு நீளமான புகார் அந்தத் தளத்துக்கு அதுவரை வந்ததில்லை. செயலாளர் விரலை நீட்டினார், மடக்கிக்கொண்டார்.

"அது எங்க வீடு" என்றார்.

அது ஓய்ந்ததும் கைதட்டல் வந்தது. தொப்பிக்காரர் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

கண்காட்சியின் பரிசு என்னவோ, மூச்சு விடும் ஒரு ரப்பர் முட்டைக்குத்தான் போனது. ஆனால் ஒரு அருங்காட்சியகம் அக்காவின் படைப்பை வாங்க முன்வந்தது. விசாரித்தபோது அவர்களுக்கு வேண்டியது முதல் அரை மணி நேரம் மட்டும்தான் என்று தெரிந்தது. பின்பாதி கொஞ்சம் இரைச்சலாக இருந்ததாம்.

"ஒண்ணுமே பண்ணாம சும்மா நின்னோமே, அதையா கேக்கறாங்க?" என்றான் தம்பி.

"அதைத்தான்."

"குடுத்துடு. நமக்கென்ன."

அவள் கொடுக்கவில்லை. வேண்டுமானால் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஒரு டைல்ஸ் கடைக்காரர் வந்தபோது, டைல்ஸ் உடைகிற சத்தத்தில் ஒரு பக்கம் செய்து தருகிறேன், சம்மதமா என்று கேட்டாள். அவர் பயந்துபோய் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

கட்டடத்தில் செயலாளர் மறுநாள் காலையிலேயே அறிவிப்பை வாபஸ் வாங்கினார். அது விழாவுக்காக, கலைக்காக என்றெல்லாம் விளக்கினார். ஒருவரும் நம்பவில்லை. மனசில் இல்லாமலா விரலில் வரும் என்று டீச்சர் கேட்டது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அடுத்த தேர்தலில் டீச்சர் ஒருமனதாகச் செயலாளர் ஆனார். பழையவர் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு லிஃப்டில் ஐந்தாம் மாடிக்கு வந்தார். முனகல் இல்லாத லிஃப்டில் அவர் வந்தது அக்காவுக்குக் காதில் விழவில்லை. கதவைத் திறந்தபோது நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு வந்ததையெல்லாம் படிக்க முடியுமா? யார் எழுதினதுன்னு வேண்டாம்."

அவள் தயங்கினாள். மொத்தமாக வாங்கிய திட்டு அவருடையதுதான், அதில் அவருக்கு உரிமை இல்லை என்று எப்படிச் சொல்வது? மாடியையும் வீட்டு எண்ணையும் மறைத்துவிட்டு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் நின்றார்.

"சர்வாதிகாரிக்குத் துணைக்கால் போட மறந்துட்டாங்க."

கடைசிப் புகார் பெரியதாக இருந்தது. அதை எழுதியது யார் என்று மறைக்க வழியில்லை. கார் பற்றியோ மொட்டை மாடி பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லை. குழாய் ரிப்பேர்காரரைக் கூட்டிக்கொண்டு எல்லார் வீட்டுக்கும் போனவர், தன் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவதை எத்தனை முறை சொல்லியும் காதில் வாங்கவில்லை என்று தொடங்கி, அடியில் வைத்த பாத்திரம் எத்தனை முறை நிரம்புகிறது, அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே தனியாகச் சாப்பிடுவது எப்படி இருக்கிறது என்று போனது.

அவர் அதை மேலிருந்து மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒழுகத்தான் செய்யுது" என்றார்.

"ஸ்பேனர் இருக்கு சார். தரட்டுமா?"

"சரி, தாங்க." எழுந்து ஸ்பேனரோடு வாசல்வரை போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார். "இதுக்குப் பக்கத்துல 'பரிசீலனையில் உள்ளது'ன்னு போட முடியுமா?"

அப்படி ஒரு வசதி தளத்தில் இல்லை. அரை நாள் வேலை என்றாள் அக்கா. அவர் படிக்கட்டில் இறங்கிப் போன பிறகு உட்கார்ந்து அதைச் சேர்க்க ஆரம்பித்தாள். அதற்கு என்ன சத்தம் வைக்கலாம் என்று தம்பி உள்ளேயிருந்து கேட்டான்.